பேத்திக்கு ‘அகிரா’ என்று பெயர் வைக்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

குழந்தைப் பெயர்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்த குறிப்பைப் படித்துவிட்டுச் சேலம் வட்டாரத்திலிருந்து வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில் பாதிக்கு மேல் ஜப்பானியப் பெயர்களைப் பற்றியவை. அதனால் இந்த இதழின் பகுதி முழுவதும் அவற்றுக்கே.

கேள்வி (அஸ்தம்பட்டி வாசகி): என் பேத்தி கார்த்திகை நட்சத்திரம். ‘அ, இ, உ, எ’ ஆகியவற்றில் ஒன்றில் பெயர் தொடங்க வேண்டும் என்று ஜோசியர் எழுதிக் கொடுத்தார். நான் ‘அன்னபூரணி’ என்றேன்; மகனும் மருமகளும் ‘அகிரா’ என்கிறார்கள். ஒரு பெயர்ப் பட்டியலில் அதற்கு ‘ஒளி’ என்றும், இன்னொன்றில் ‘புத்திசாலி’ என்றும், மூன்றாவதில் சமஸ்கிருதத்தில் ‘அழகிய வலிமை’ என்றும் பொருள் போட்டிருக்கிறது. எதை நம்புவது?

பதில்: மூன்றாவதை முதலில் தள்ளிவிடலாம், அம்மா. 2016-இல் ஏ. ஆர். முருகதாஸ் இயக்கத்தில் இதே பெயரில் ஓர் இந்திப் படம் வந்தபோது இந்தச் சமஸ்கிருத விளக்கமும் கூடவே பேசப்பட்டது. பெயர்பெற்ற சமஸ்கிருத அகராதிகளில் அப்படியொரு பொருளோடு அப்படியொரு சொல் இல்லை. பெயர்ப் பட்டியல் தயாரிப்பவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதுகிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

மற்ற இரண்டும் தவறில்லை. ஆனால் இரண்டுமே பாதிதான் சரி. ஜப்பானிய மொழியில் ஒரு பெயரின் ஒலி வேறு, அதன் எழுத்து வேறு. சீனாவிலிருந்து அங்கே போன கருத்தெழுத்துகளுக்குக் ‘கான்ஜி’ என்று பெயர். (‘கஞ்சி’ என்று எழுதினால் நமக்குப் பானைதான் நினைவுக்கு வருகிறது என்பதால் நெடிலோடு எழுதுகிறேன்.) ‘அகிரா’ என்ற ஒரே ஒலிக்குப் பல கான்ஜிகள் உண்டு. திரைப்பட மேதை அகிரா குரோசாவாவின் பெயரில் உள்ள எழுத்து, ஞாயிற்றையும் திங்களையும் குறிக்கும் இரண்டு வடிவங்களை அருகருகே வைத்தது. ‘ஒளி, தெளிவு’ என்பது அதன் பொருள். வேதியியலுக்காக 2010-இல் நோபல் பரிசு பெற்ற அகிரா சுசுகியின் எழுத்துக்கு நூலின் ‘இயல்’ என்றும் ‘சின்னம்’ என்றும் பொருள். நம் எல்லோருடைய செல்பேசிக்குள்ளும் இருக்கும் லித்தியம் அயனி மின்கலத்துக்காக 2019-இல் அதே பரிசைப் பகிர்ந்துகொண்ட அகிரா யோஷினோவின் எழுத்துக்கு ‘வெளிப்படச் செய்தல்’ என்று பொருள். அறிவுக்கூர்மையைக் குறிக்கும் எழுத்துகளையும் ‘அகிரா’ என்று படிப்பது உண்டு. உங்கள் பட்டியலில் வந்த ‘புத்திசாலி’ அங்கிருந்து வந்தவர். கான்ஜியே வேண்டாம் என்று ‘ஹிராகனா’ என்னும் அசையெழுத்தில் எழுதுபவர்களும் இருக்கிறார்கள்.

இதில் நான் மிக முக்கியமாகக் கருதுவது ஒன்று உண்டு. ஜப்பானில் பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாம் ‘கோசெகி’ என்னும் குடும்பப் பதிவேட்டில் ஏறும். அந்தப் பதிவேட்டில் பெயரின் எழுத்து மட்டுமே நெடுங்காலமாகப் பதிவாகி வந்தது. அதை எப்படி உச்சரிப்பது என்பது பதிவாகவே இல்லை. 2023-இல் சட்டத்தைத் திருத்தி, 2025 மே 26 முதல்தான் உச்சரிப்பையும் சேர்த்து எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். அதாவது, அந்த நாட்டு அரசின் கண்ணில் எழுத்துதான் பெயராக இருந்தது. கடல் கடந்து வெளிநாட்டுக்குப் போகும்போதோ எழுத்து அங்கேயே நின்றுவிடுகிறது, ஒலி மட்டும் கப்பலேறுகிறது. வெளிநாடுகளில் ‘அகிரா’ என்று பெயர் சூட்டுகிற பெற்றோரில் பெரும்பாலோரின் கைக்கு வருவது அந்த ஒலியும், அந்த ஒலியோடு ஒட்டிக்கொண்டு வந்த சில மனிதர்களின் புகழும்தான். ‘பொருள்’ என்று பட்டியலில் இருப்பது, பல எழுத்துகளுள் யாரோ ஒருவர் எடுத்து வைத்த ஒன்று.

ஆயினும், எந்த எழுத்தையும் குறிப்பிடாமல் ஒரு பொதுப்பொருள் சொல்லுங்கள் என்று கேட்டால், ‘தெளிந்த ஒளி’ என்று துணிந்து சொல்லலாம். ‘தெளிவான’ என்பதற்கு அம்மொழியில் வழங்கும் ‘அகிராக்கா’ என்ற சொல்லும் இந்தப் பெயரும் ஒரே வேரைச் சேர்ந்தவை. ‘அ’ எழுத்தும் கிடைத்துவிடுகிறது. ஜோசியருக்கும் மறுப்பு இருக்காது. அன்னபூரணியை விட்டுக்கொடுப்பதா என்பதை உங்கள் வீட்டில்தான் பேசித் தீர்க்க வேண்டும்.

கேள்வி (ஏற்காடு வாசகர், காப்பித் தோட்ட அலுவலர்): எங்கள் தோட்டத்துக்கு வந்த ஜப்பானியர் ஒருவரிடம் என் அண்ணன் மகளின் பெயர் ‘அகிரா’ என்று சொன்னேன். அவர் புன்னகைத்துவிட்டு, ‘மகனா?’ என்று மறுபடியும் கேட்டார். இது ஆண் பெயரா?

பதில்: ஆம், ஐயா. ஜப்பானில் இது பெரும்பாலும் ஆண் பெயர். பெண்கள் சிலருக்கும் உண்டு என்றாலும், பெயரை மட்டும் கேட்பவர் ஆண் என்றே எண்ணுவார். குரோசாவா, யோஷினோ, சுசுகி, ‘டிராகன் பால்’ சித்திரக் கதைகளை வரைந்து 2024 மார்ச் மாதம் மறைந்த அகிரா தொரியாமா என்று புகழ்பெற்ற அகிராக்கள் யாவரும் ஆண்களே.

வெளிநாட்டுக்கு வந்ததும் இது பெண் பெயராக மாறியதற்குக் காரணம் கடைசியில் நிற்கும் ‘ஆ’தான். இத்தாலியம், ஸ்பானியம் போன்ற ஐரோப்பிய மொழிகளில் ‘ஆ’ என்று முடியும் பெயர் என்றாலே பெண்ணுக்கு உரியது என்ற பழக்கம் ஊறியிருக்கிறது. அமெரிக்காவிலும் இப்பெயர் பெண் குழந்தைகளுக்கு நிறையவே வைக்கப்படுகிறது. நம் காதும் ஏறக்குறைய அப்படித்தான்: லதா, கீதா, சுதா. ராஜா, சிவா, சூர்யா என்று எதிர்ச்சான்றுகள் நம்மிடம் வரிசையாக இருந்தும், புதுப்பெயர் ஒன்று ‘ஆ’வில் முடிந்தால் அதைப் பெண்ணுக்கே கொடுத்துவிடுகிறோம். முந்தைய பதிலில் சொன்ன இந்திப் படமே இதற்கு உதாரணம். 2011-இல் தமிழில் வந்த ‘மௌனகுரு’வின் மறு ஆக்கம் அது, தமிழில் நாயகன் தாங்கிய கதையை இந்தியில் நாயகிக்கு மாற்றியபோது அவளுக்கு வைத்த பெயர் ‘அகிரா’.

உங்கள் அண்ணன் மகளுக்கு இதனால் ஒரு குறையும் இல்லை. பிறக்கப் போகும் குழந்தைக்கு ஜப்பானியர் காதிலும் பெண் பெயராகவே ஒலிக்க வேண்டும் என்று விரும்புகிறவர்கள் ‘அகாரி’ அல்லது ‘அகிகோ’ என்பதை எண்ணிப் பார்க்கலாம். ‘அகாரி’ என்றால் விளக்கொளி. இன்றைய ஜப்பானியப் பெற்றோர் விரும்பி வைக்கும் பெயர். ‘அகிகோ’ சற்றுப் பழைய பாணி. ‘கோ’ என்று முடிவது ஒரு தலைமுறைக்கு முன்வரை பெண் பெயரின் முத்திரையாகவே இருந்தது. என்னைக் கேட்டால் அகாரி.

கேள்வி (ஓமலூர், கல்லூரி மாணவர்): ஜப்பானியப் பெயர்கள் உலகமெங்கும் பரவியதற்கு அனிமே மட்டும்தான் காரணமா?

பதில்: இல்லை, தம்பி. உங்களுடைய அனிமே, அதாவது ஜப்பானியச் சித்திரப் படம், இந்த ஊர்வலத்தில் பின்னால் வந்து சேர்ந்தது. முன்னால் போனவர்கள் கூலித் தொழிலாளிகள்.

1908 ஜூன் மாதம் ‘கசாத்தோ மாரு’ என்ற கப்பலில் ஏறத்தாழ 780 ஜப்பானியர்கள் பிரேசிலின் சாந்தோஸ் துறைமுகத்தில் இறங்கினார்கள். சேர்வராயன் மலைச்சரிவுகளில் காப்பி பறிக்கக் குடும்பம் குடும்பமாக ஆட்கள் வந்து தங்கியதைப் போலவே, அவர்கள் போனதும் காப்பித் தோட்ட வேலைக்குத்தான். இன்று ஜப்பானுக்கு வெளியே ஜப்பானிய வழியினர் மிகுதியாக வாழும் நாடு பிரேசில். அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு முதலில் ஒரு போர்த்துகீசியப் பெயர், நடுவில் ஒரு ஜப்பானியப் பெயர், கடைசியில் குடும்பப் பெயர் என்று வைக்கும் வழக்கம் ஏற்பட்டது. பள்ளியில் முதல் பெயர் வழங்கும்; வீட்டில் பாட்டி அழைப்பது நடுப்பெயரை. அகிரா, கென்ஜி, யூமி போன்றவை இப்படி நடுவில் உட்கார்ந்து இன்னொரு கண்டத்தில் வேர்பிடித்தன. அமெரிக்காவிலும் அதே வழக்கம் இருந்தது. ஆனால் 1942-இல் போரைக் காரணம் காட்டி ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வழியினரை முகாம்களில் அடைத்த பிறகு, ஜப்பானியப் பெயரை வெளியில் சொல்வதே பலருக்குச் சுமையாகிவிட்டது. அந்தத் தலைமுறையில் எத்தனையோ பேர் தங்கள் நடுப்பெயரை ஓர் எழுத்தாகச் சுருக்கிக்கொண்டார்கள்.

அந்தச் சுருக்கத்தைத் திருப்பியதில் திரைப்படத்துக்குப் பெரும்பங்கு உண்டு. குரோசாவாவின் ‘ராஷோமோன்’ 1951-இல் வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் விருது பெற்றதும், மேற்குலகம் ஜப்பானியத் திரைப்படத்தின் பக்கம் முதன்முறையாகத் திரும்பிப் பார்த்தது. தமிழிலும் அதன் தாக்கம் உடனே தெரிந்தது, எஸ். பாலசந்தர் இயக்கி 1954-இல் வந்த ‘அந்த நாள்’, ஒரே நிகழ்ச்சியைப் பலர் பலவிதமாகச் சொல்லும் உத்தியை அங்கிருந்தே எடுத்துக்கொண்டது. ஏற்காடு சாலையில் இன்றும் நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவுக்குள் சேலத்தார் படம் எடுத்துத் தள்ளிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் ‘அகிரா’ என்ற பெயர் உலகத் திரையரங்குகளின் அறிவிப்புப் பலகைகளில் ஏறியது. 1990-இல் குரோசாவாவுக்குச் சிறப்பு ஆஸ்கர் விருது கொடுத்தார்கள்.

உங்கள் அனிமே இதற்குப் பிறகுதான் வருகிறது. கத்சுஹிரோ ஓதோமோ 1982 முதல் 1990 வரை வரைந்த சித்திரக் கதையின் பெயர் ‘அகிரா’. 1988-இல் அது திரைப்படமாகி, சித்திரப் படம் என்றால் சிறுவர்களுக்கு என்ற எண்ணத்தை மேற்கு நாடுகளில் உடைத்தது. அதன் தலைப்பை ஜப்பானிலேயே ரோமன் எழுத்தில்தான் அச்சிட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். பெயர் தன் கான்ஜியைக் கழற்றி வைத்துவிட்டு ஒலியாக மட்டும் புறப்பட்ட தருணம் அது. அஸ்தம்பட்டி அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்: அந்தக் கதையில் வரும் அகிரா, டோக்கியோ நகரையே அழித்த ஆற்றல் கொண்ட சிறுவன்.

இவை தவிர ஆடை வணிகத்தின் வழியாகவும் பெயர் பரவியது. 1970-இல் பாரிஸில் கடை திறந்த கென்சோ தக்காதாவின் பெயர் துணிக்கும் நறுமணத் தைலத்துக்கும் அடையாளமாகி, இன்று பிரான்சில் ஆண் குழந்தைகளிடையே ‘கென்சோ’ என்பது பழகிய பெயராகிவிட்டது.

கேள்வி (சூரமங்கலம் வாசகி): என் தோழி தன் மகளுக்கு ‘நவோமி’ என்று பெயரிட்டாள். வேதாகமப் பெயர் என்று ஞானஸ்நானத்தில் சொன்னார்கள். என் மகனோ டென்னிஸ் வீராங்கனையைக் காட்டி ஜப்பானியப் பெயர் என்கிறான். எது?

பதில்: இரண்டும். வேதாகமத்தில் ரூத்தின் மாமியாராக வருபவர் இவர்தான். தமிழ் வேதாகமத்தில் ‘நகோமி’ என்று இருப்பதால் பலருக்கு அடையாளம் தெரிவதில்லை. எபிரேயத்தில் இனிமையைக் குறிக்கும் பெயர். கணவரையும் இரு மகன்களையும் இழந்து ஊர் திரும்பும்போது, இனி என்னை நகோமி என்று அழைக்காமல் கசப்பைக் குறிக்கும் ‘மாராள்’ என்று அழையுங்கள் என்று அவர் சொல்லும் இடம் உங்கள் தோழிக்குத் தெரிந்திருக்கும். ஜப்பானியத்தில் ‘நவோமி’ தனியாகவே உண்டான பெயர். ‘நேர்மை’, ‘அழகு’ என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்து எழுதுவது பரவலான வழக்கம். இரண்டு மொழிகளுக்கும் இதில் கொடுக்கல் வாங்கல் ஏதும் இல்லை, ஒலி தற்செயலாக ஒத்துப்போனதுதான். 2018-இல் அமெரிக்க ஓப்பன் பட்டத்தை வென்ற நவோமி ஒசாகாவின் தாய் ஜப்பானியர், தந்தை ஹைட்டி நாட்டவர். பெயரை அவர் கான்ஜி இல்லாமல் ஹிராகனாவில் எழுதுகிறார்.

இப்படி இரு கரைக்கும் பொருந்தும் பெயரை வேண்டுமென்றே தேடி வைத்த ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மோரி ஓகாய் என்பவர் இராணுவ மருத்துவர், பெரிய எழுத்தாளர்; 1884 முதல் 1888 வரை ஜெர்மனியில் படித்தவர். தம் பிள்ளைகளுக்கு ஓட்டோ, மாரி, அன்னு, ஃபுரித்சு, ருயி என்று பெயரிட்டார். ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் காதால் கேட்டால் ஓட்டோ, மரீ, ஆன், ஃபிரிட்ஸ், லூயி. கண்ணால் பார்த்தால் ஒவ்வொன்றும் தேர்ந்த கான்ஜி. மூத்தவர் பிறந்த 1890 அவர்கள் கணக்கில் புலி ஆண்டு. ‘ஓட்டோ’வுக்கு அவர் எடுத்த எழுத்துகள் பழஞ்சீன நூலில் புலியைக் குறிக்கும் சொல்.

மகள் ‘மாரி’யின் பெயரை எழுதிய விதம் நமக்கு இன்னும் அருகில் வருகிறது. அந்த இரண்டு எழுத்துகளும் சேர்ந்து மல்லிகையைக் குறிப்பவை. சீனத்தில் அவற்றை ‘மோலி’ என்று படிப்பார்கள். அது நம் நாட்டு ‘மல்லிகா’ என்ற சொல் பூவோடு சேர்ந்து சீனம் போய்த் திரிந்த வடிவம் என்பது அறிஞர்கள் ஏற்ற செய்தி. கோட்டை மாரியம்மனுக்கு ஆடியில் மல்லிகைச் சரம் சாத்தும் சேலத்தில் ‘மாரி’ என்ற பெயருக்கு யாரும் ஜப்பானிய விளக்கம் தேடமாட்டார்கள். ஆனால் வீட்டுப் பெரியவர்கள் மாரியம்மன் பெயரைக் கேட்க, இளையவர்கள் ஜப்பானியப் பெயரைக் கேட்டு இழுபறியாக இருக்கும் வீடுகளுக்கு இதைவிட நல்ல சமரசம் எனக்குத் தெரியவில்லை.

கேள்வி (ஆத்தூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்): எங்கள் தெருவிலேயே நான்கு அகிலாக்கள் உண்டு. ஜப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவு என்று அறிஞர்கள் எழுதியிருக்கிறார்களே. அகிலாவும் அகிராவும் ஒரே சொல்லாக இருக்கக் கூடாதா?

பதில்: ஐயா, பேராசிரியர் சுசுமு ஓனோவின் ஆய்வைத்தான் குறிப்பிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். இரு மொழிகளின் சொற்களையும் இலக்கணத்தையும் உழவு சார்ந்த சடங்குகளையும் ஒப்பிட்டுப் பல ஆண்டுகள் உழைத்த அவருடைய ஈடுபாட்டை மதிக்க வேண்டும்; எனினும் மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அந்த முடிவை ஏற்கவில்லை. நம் ‘அகிலா’, ‘முழுமை’ என்று பொருள்படும் வடசொல்லான அகிலத்திலிருந்து வந்தது. அகிராவோடு அதற்கு உறவு இல்லை.

ஆனால் உங்கள் தெரு அகிலாக்கள் டோக்கியோ விமான நிலையத்தில் இறங்கினால் நால்வரும் அகிராக்கள்தான். ஜப்பானிய மொழியில் ‘ர’கரத்துக்கும் ‘ல’கரத்துக்கும் வேறுபாடு கிடையாது, இரண்டையும் ஒரே எழுத்தால்தான் எழுதுவார்கள். ‘ல, ள, ழ’ மூன்றையும் வைத்துக்கொண்டு வகுப்பில் நீங்கள் பட்ட பாட்டை நினைத்தால் இது பெரிய சலுகையாகத் தோன்றும்.

கேள்வி (செவ்வாய்ப்பேட்டை வாசகர்): ஐந்து வயதுப் பேரன் தன்னைச் ‘சான்’ சேர்த்துத்தான் கூப்பிட வேண்டும் என்கிறான். அப்படி என்றால் என்ன?

பதில்: ‘ஷின்சான்’ சித்திரத் தொடர் பார்க்கிறான் போலிருக்கிறது. அதில் வரும் சிறுவனின் பெயர் ஷின்னோசுகே. ‘சான்’ என்பது குழந்தைகளுக்குச் செல்லமாகச் சேர்க்கும் ஒட்டு, நம் ‘கண்ணு’ மாதிரி. கூப்பிட்டுவிட்டுப் போங்கள். 

கேள்வி (ஏற்காடு, ஒண்டிக்கடைப் பகுதி வாசகி): மகளுக்கு ‘அகிரா’ என்று முடிவு செய்துவிட்டோம். பிறப்புச் சான்றிதழில் தமிழில் எப்படி எழுதுவது? உறவினர் ஒருவர் ‘அக்கிரா’ என்கிறார். குழந்தை சேலம் மருத்துவமனையில் பிறந்தது.

பதில்: உங்கள் உறவினர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தமிழில் இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே தனியாக வரும் ‘க’கரம் மெலிந்துதான் ஒலிக்கும், ‘அகிரா’ என்று எழுதியதை நம்மவர்கள் ‘அகில்’, ‘பகல்’ படிப்பது போலப் படிப்பார்கள். ஜப்பானியரின் ‘கி’ வல்லொலி, ‘பாக்கி’ என்பதில் வருவது போல. ஆகவே ஒலிக்கு நெருக்கம் ‘அக்கிரா’. ஆனால் அதில் ஒற்று இரட்டித்துப் பெயர் சற்று நீண்டுவிடுகிறது, கண்ணுக்கும் ‘அக்கிரமம்’ தட்டுப்படுகிறது. குரோசாவாவின் பெயரைத் தமிழில் ‘அகிரா’ என்றே எழுதிப் பழகிவிட்டோம் என்பதால் நான் அதையே பரிந்துரைப்பேன். ஆங்கிலத்தில் எழுதும்போது ஐந்தே எழுத்து. கூடுதலாக ஒரு ‘ஹெச்’ சேர்க்கச் சொல்லி எண் கணித நிபுணர்கள் வருவார்கள், சேர்த்தால் பிறகு எல்லா ஆவணங்களிலும் அதைச் சுமக்க வேண்டியிருக்கும்.

பிறந்த இடத்தில்தான் பதிவு என்பதால் நீங்கள் போக வேண்டியது ஏற்காட்டு அலுவலகத்துக்கு அல்ல, சேலம் மாநகராட்சிக்கு. பிறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். மருத்துவமனையே அதை அனுப்பியிருக்கும். பெயர் இல்லாமல் பதிவாகியிருந்தால் 12 மாதங்கள் வரை கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம், அதன் பிறகு 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். விண்ணப்பத்தில் தமிழ், ஆங்கிலம் இரண்டு எழுத்துக்கூட்டலையும் நீங்களே தெளிவாக எழுதிக் கொடுங்கள். தட்டச்சு செய்பவரிடம் வாயால் சொன்னால் ‘அகிலா’ என்று அடித்துவிடுவார்.